ஏர் பிளான்ட் செட்: செடிகளுக்கு முழு மதிப்பெண், கண்ணாடி உருண்டைக்கு இல்லை

மண்ணே இல்லாமல் வளரும் ஏர் பிளான்ட் செடி ஐந்து, தொங்கவிடும் கண்ணாடி உருண்டை மூன்று, கொஞ்சம் வெள்ளை மணல், ஸ்ப்ரே பாட்டில், செம்புக் கம்பி ஒரு சுருள், உரப் பொட்டலம். ஆன்லைனில் வாங்கிய செட்டில் இருந்தது இவ்வளவுதான். முதல் வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், எட்டு மாதம் வளர்த்த பிறகு மூன்றுதான் தர முடிகிறது.

செடிகளில் குறையே இல்லை. அயோனாந்தா மூன்று, பல்போசா ஒன்று, வெள்ளி நிறத்தில் இலை சுருண்டு விரியும் ஜெரோகிராபிகா ஒன்று, எல்லாமே அடிப்பகுதி உறுதியாக, நுனி கருகாமல் வந்தன. இவை அன்னாசிப்பழக் குடும்பத்தின் டில்லான்ட்சியா இனம், அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளையையும் பாறையையும் பற்றிக்கொண்டு வளர்பவை. பெரும்பாலானவற்றுக்கு வேர் பிடிமானத்துக்கு மட்டும்தான், தண்ணீர் குடிப்பது இலை. இலைமேல் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறதே, அது தூசி இல்லை, நீரை உறிஞ்சும் நுண்ணிய செதில்கள், தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள்.

பிரச்சினை செட்டோடு வந்த குறிப்பில் இருக்கிறது. "வாரம் இருமுறை ஸ்ப்ரே செய்தால் போதும்" என்று போட்டிருந்தார்கள். அப்படியே செய்தேன். அயோனாந்தாவின் இலைகள் உள்பக்கமாகக் குழாய் போலச் சுருண்டன, அது தாகத்தின் அடையாளம். கண்ணாடிக்குள் இருந்த பல்போசாவுக்கோ நேர்மாறான கதி: அடியில் வெங்காயம் போல உப்பியிருக்கும் அதன் பொந்துக்குள் தங்கிய ஈரம் காற்றோட்டம் இல்லாமல் காயவே இல்லை, ஆறாவது வாரம் தொட்டதும் இலைகள் கையோடு வந்தன, அடி கறுத்து அழுகியிருந்தது. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அப்புறம் முறையை மாற்றினேன். வாரம் ஒருமுறை, காலையில், அயோனாந்தாவை அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவைத்து, எடுத்ததும் தலைகீழாக நன்றாக உதறி, துணிமேல் கவிழ்த்துக் காயவைக்கிறேன், நான்கு மணி நேரத்துக்குள் முழுக்கக் காய்ந்துவிட வேண்டும். காலை என்பது சும்மா சொல்வதில்லை. இந்தச் செடிகள் தண்ணீரை வீணாக்காமல் இருக்க, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. இரவில் இலை நனைந்து கிடந்தால் அது நடக்காது. மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, உப்பு சேர்த்து மென்மையாக்கும் கருவியில் வரும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜெரோகிராபிகாவுக்கு இவ்வளவு ஊறல் தேவையில்லை, ஒரு முக்கு முக்கி உடனே கவிழ்த்துவிடுகிறேன்.

செம்புக் கம்பியை ஏன் வைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு! ஏர் பிளான்ட் விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நைலான் நூலால் கட்டி, ஒரு காய்ந்த மரக்கட்டையில் உட்காரவைத்திருக்கிறேன். உரப் பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்றே அச்சிடவில்லை, அதனால் அதையும் தொடவில்லை. ஆர்க்கிட் உரத்தை, அதில் செம்பு இல்லையா என்று பார்த்துவிட்டு, சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து மாதம் ஒருமுறை தருகிறேன். மணலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தூக்கிப் போடுங்கள். ஸ்ப்ரே பாட்டில் பரவாயில்லை, ஏசி ஓடும் நாட்களில் இடையிடையே உதவுகிறது.

வெளிச்சம் விஷயத்தில் குறிப்பு சொன்னது சரி. நேர்வெயில் சுடாத, நல்ல வெளிச்சம் விழும் ஜன்னலோரம். கண்ணாடி உருண்டையில் வெயில் பட்டால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு அயோனாந்தாவின் நடு இலைகள் சிவந்து, ஊதா நிறத்தில் மெல்லிய குழல் போலப் பூ வந்தது. சில நாள்தான் நின்றது, ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். வாழையைப் போலத்தான் இதுவும், ஒருமுறை பூத்த தாய் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும், அதற்குள் பக்கத்தில் கன்று விடும். இப்போது இரண்டு கன்று தெரிகிறது. தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பிறகுதான் பிரிக்கப் போகிறேன். இதே கடையில் செடியை மட்டும் தனியாகத் தந்தால் கண்டிப்பாக மறுபடியும் வாங்குவேன், இந்த செட்டாக என்றால் வாங்க மாட்டேன்.