மலை லோடுக்கு எந்த பிக்கப்? ஏற்றத்தை விட்டு இறக்கத்தைப் பாருங்கள்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிமென்ட், கம்பி, உரம். இறங்கும்போது அன்னாசி, பலா, வாழைத்தார். இந்த மாதிரி ஓட்டத்துக்கு வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்பார்கள்: மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்கு பொலிரோ. ஆனால் டீக்கடையில் எல்லோரும் சொல்கிற "இழுவை" அதற்குக் காரணம் இல்லை.

இழுவைக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொலிரோவில் 2523 சிசி (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு), நாலு சிலிண்டர், 1400 முதல் 2200 ஆர்பிஎம் வரை 200 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் திருகு விசை). பிஎஸ்6 (புகை விதி) தோஸ்தில் 1478 சிசி, மூன்று சிலிண்டர், 1600 முதல் 2400 வரை 190. குதிரைத்திறனில் தோஸ்த் 80, பொலிரோ எழுபது சொச்சம். லோடோடு சேர்த்து 3 டன் எடையை, நூறு அடிக்குப் பத்தடி ஏறுகிற சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக சக்கரத்தில் சுமார் 38 குதிரைத்திறன் போதும். இரண்டு இன்ஜினும் அதைத் தாராளமாகத் தரும். வளைவில் நின்று கிளம்பும்போது மட்டும் வித்தியாசம் தெரியும். 1600-க்குக் கீழே தோஸ்த் கொஞ்சம் தயங்கும், டிரைவர் ஹாஃப் கிளட்ச் பிடிப்பார், பிளேட் சீக்கிரம் கருகும். ஓட்டுகிற கை சரியாக இருந்தால் அதையும் சமாளிக்கலாம்.

கதை மாறுவது இறக்கத்தில். அதே 3 டன், அதே சரிவு, 25 கிலோமீட்டர் வேகம். உருளும் தடையைக் கழித்தபிறகும் சுமார் 17 கிலோவாட் சக்தியை வண்டி இடைவிடாமல் எங்காவது கொட்டியாக வேண்டும். ஒன்று இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக். ஆக்சிலரேட்டரை விட்டபின் இன்ஜின் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கும் டர்போவுக்கும் குதிரைத்திறனுக்கும் பெரிய சம்பந்தமில்லை. பெரும்பாலும் அது சிசி கணக்கு. 2523-ஐ 1478-ஆல் வகுத்தால் 1.7. பொலிரோ 1500 ஆர்பிஎம்மில் பிடிக்கிற பிடியைத் தோஸ்தில் எடுக்க, குத்துமதிப்பாக 2500-ல் வைத்து இறக்க வேண்டும். அதாவது ஒரு கியர் குறைவாக, இரைச்சலோடு. பொறுமையான டிரைவர் செய்வார். அவசரக்காரர் மேல் கியரில் விட்டு பிரேக்கை மிதித்தே வருவார். பாதி மலையில் பிரேக் லைனர் கருகிய வாடை, பெடல் உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவருக்கு எந்த வண்டியும் உதவாது. கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் டீசலை அடிப்பதே இல்லை. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும்.

அடுத்து கிரவுன்-பினியன், அதாவது பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைத் திருப்புகிற பல்சக்கர ஜோடி. 41 பல் கிரவுனுக்கு 9 பல் பினியன் என்றால் விகிதம் 4.56. 8 பல் என்றால் 5.13. இரண்டாவதில் ஏற்றத்தில் இழுவையும் இறக்கத்தில் பிடிப்பும் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் கூடும். அதே அளவு ஹைவேயில் ஆர்பிஎம்மும் ஏறும், டீசலும் கூடும். பழைய வண்டி வாங்கும்போது ஹவுசிங்கில் (ஆக்சிலின் கூட்டில்) எந்த செட் கிடக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்களே எண்ணிப் பார்க்கலாம். முன் சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஆக்சிலுக்கடியில் ஸ்டாண்டு கட்டாயம். ஹேண்ட்பிரேக் பின் டிரம்மில் பிடிப்பதால் அதை விட்டுவிட வேண்டும். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றி, புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு) எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் ஷாஃப்ட் பாதிச் சுற்றுதான் போகும், அதனால் இருபதால் அல்ல, பத்தால் வகுங்கள். நாற்பத்தைந்தரை வந்தால் 4.55, அதாவது 41-க்கு 9. மாற்றுவதானால் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பினியனை மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் ஊளையிடும்.

பலர் செய்கிற தப்பு டயரில். 215/75 ஆர்15-ன் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். பார்வைக்கு கம்பீரமாக இருக்கட்டும் என்று 235/75 போட்டால் 733. நாலு சதவீதத்துக்கு மேல் இழுவை போச்சு, 4.56 கிரவுன் 4.37 மாதிரி நடந்துகொள்ளும். மலை ஓட்டத்துக்கு கம்பெனி அளவே சரி.

பின் ஆக்சிலில் பார்க்க வேண்டியது ஹப்பின் நடுப்பகுதி. வட்டமாக போல்ட் வரிசை போட்ட மூடி இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங்: எடையை ஹவுசிங் சுமக்கும், ஷாஃப்ட் திருப்புகிற வேலையை மட்டும் செய்யும், உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. லோடு வண்டிக்கு இதுதான் வேண்டும். ஹவுசிங் மேலே இருக்கிற சின்ன பிரீதரை (காற்றுப்போக்கியை) யாரும் கவனிப்பதில்லை. சேறு அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஹப் சீல் வழியாக கியர் ஆயில் லைனரில் இறங்கும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சீலை மட்டும் மாற்றி பிரீதரை விட்டால் மறுபடியும் அதே கோளாறுதான்.

பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதும் வினை. எல்எஸ்பிவி வால்வு (லோடுக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) இருக்கிற வண்டியில், பட்டை கூடினால் லோடு ஏற்றியும் பின்பக்கம் தாழாது. வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை சேர்த்ததால் ஆக்சிலின் தாங்கு எடையும் ஆர்.சி.யில் உள்ள எடையும் கூடிவிடாது. ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000.

சமவெளி ஓட்டம், டவுன் டெலிவரி, மார்க்கெட் சந்து என்றால் பேச்சே வேண்டாம், தோஸ்த் போதும். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1.7 டன் லோடு பொலிரோ சொந்த எடையோடு சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். டாடா யோதா காகிதத்தில் இரண்டையும் விஞ்சுகிறது: 2179 சிசி, 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். மலையில் வருடக்கணக்கில் அது எப்படி நிற்கிறது என்று அடித்துச் சொல்லுமளவுக்குப் பழக்கம் இல்லை. அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களிடம் கிளட்ச், ஹப் சீல் இரண்டையும் பற்றிக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

டிரையல் கேட்டால் ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திரும்பாதீர்கள். லோடோடு இரண்டாம் கியரில் இறக்கி, அடிவாரம் வருவதற்குள் எத்தனை தடவை பிரேக்கில் கால் போனது என்று எண்ணுங்கள். கீழே வந்ததும் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அனலைப் பாருங்கள், தொடாதீர்கள். ஆறட்டும் என்று தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம், டிரம் வெடிப்பு விடும்.