14,500 ரூபாய்க்கு ஒரு "மீடியம் ஃபார்மேட்" டப்பா: ஃபிலிம் கேமரா வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இன்னைக்கு வேலைக்கும் போகல. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, கை நடுங்குது.

ஃபிலிம்ல படம் எடுத்துப் பழக எந்தக் கேமரா, எந்த ஃபார்மேட் (ஃபிலிம் அளவு)னு ரெண்டு மாசமா தேடிக்கிட்டு இருந்தேன். தேடினதையெல்லாம் தொகுத்து விவரமா எழுதித் தரேன்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுத உக்காந்தேன். ஆனா முதல்ல இதைச் சொல்லியாகணும். 14,500 ரூபாய் போச்சு.

எனக்கு உச்சிப்புளி. மண்டபத்துல ஒரு ஐஸ் கம்பெனில கணக்கு எழுதறேன். 1914-ல திறந்த பாம்பன் ரயில் பாலம், 2022 டிசம்பர்ல ரயில் நின்னதுல இருந்து சும்மாதான் நின்னுச்சு. 2025 ஏப்ரல்ல புதுசும் திறந்தாச்சு, பழசைச் சீக்கிரம் பிரிச்சிடுவாங்கன்னு பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள ஃபிலிம்ல ஒரு ரோலாவது எடுத்து வைக்கணும்னு ஆசை. போன்ல நூறு படம் இருக்கு, ஒண்ணும் மனசுல ஒட்டல. எங்க தாத்தாவோட ஒரே ஒரு படம் வீட்ல இருக்கு, அக்ஃபா கிளிக் பெட்டிக் கேமரால யாரோ எடுத்த சதுரமான கருப்பு வெள்ளைப் படம். 64 புயலுக்கு முன்னாடி தனுஷ்கோடிக்கு ரயில்ல போய்ட்டு வந்த மனுஷன். அந்த மாதிரி சதுரப் படம் எடுக்கணும்னு ஒரு பைத்தியம்.

ஆனா புத்தியோடதான் ஆரம்பிச்சேன். பழகறதுக்கு 35 எம்எம் போதும், ஒரு ரோல்ல 36 படம் வரும்னு முடிவு பண்ணி, பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு செயலில பென்டாக்ஸ் கே1000 ஒண்ணைப் பார்த்தேன். 19,000 போட்டிருந்தான். முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். பழகறவனுக்கு அதைவிட என்ன வேணும்? போன் பண்ணேன்.

இங்கதான் கவுந்தேன்.

அந்த ஆளு கே1000-ஐ விக்கவே பார்க்கல. "தம்பி, உங்க ஊர் உப்புக்காத்துல இது தாங்காது, உங்க காசு வீணாப் போயிரும், வேண்டாம்"னான். யோசிச்சுப் பாருங்க, விக்க வந்தவன் வாங்காதேங்கறான்! அப்புறம் எதுக்கு எடுக்கறீங்கன்னு கேட்டான். பாலத்தைச் சொன்னேன், தாத்தா படத்தைச் சொன்னேன். சதுரம்னு சொன்னதுதான் தாமதம், பிடிச்சுக்கிட்டான். "அப்ப உங்களுக்கு மீடியம் ஃபார்மேட் தம்பி. ரெட்டைக்கண் கேமரா, 12 சதுரப் படம், கோடாக். உங்களுக்காக 17,000-ஐ 14,500 ஆக்கறேன், மூணு ரோல் ஃபிலிம் சும்மாவே வைக்கறேன்." மீடியம் ஃபார்மேட்னா 35 எம்எம்-ஐ விட அகலமான ஃபிலிம்.

வீடியோ கால்ல காட்டினான். மேல மூடியைத் திறந்தா கண்ணாடில சுவர் கடிகாரம் பளிச்சுன்னு தெரியுது. ஷட்டர் டிக்னு அடிக்குது. நான் இன்னும் இழுத்துக்கிட்டிருந்தேன். அப்ப சொன்னான் பாருங்க: "தம்பி, எங்கப்பா அஸ்தியை ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துலதான் கரைச்சேன். அந்த மண்ணுக்காரனை ஏமாத்தினா எனக்கு ஆகுமா?"

எங்க ஊர்ப் பக்கம் வந்து அழுதுட்டுப் போறவங்களைத் தினம் பார்க்கறவன் நான். அந்த வார்த்தைக்கு மேல எனக்குச் சந்தேகம் வரல. செயலி வழியா கட்டினா கமிஷன் போகும்னான், நேரா யூபிஐல 14,500 போட்டுட்டேன். ஒரே தடவைல.

பார்சல் புதன்கிழமை வந்துச்சு. கோடாக் டூவாஃப்ளெக்ஸ். அப்ப எனக்கு அந்தப் பேரே தெரியாது. அந்தக் காலத்துல குடும்பப் படம் எடுக்க மலிவா வித்த பெட்டி அது. கண்ணு ரெண்டு இருக்கு, ஆனா மேல் கண்ணு சும்மா பார்க்க மட்டும்தான். நிஜமான ரெட்டைக்கண் கேமரால ரெண்டு லென்ஸும் சேர்ந்து நகரும், மேல ஃபோகஸ் பார்த்தா கீழ அதே விழும். இதுல என்கிட்ட வந்த ரகத்துக்கு ஃபோகஸே கிடையாது. கேமரா மேல தப்பில்லை, அது பாவம் 1950-கள்ல என்ன வேலைக்குச் செஞ்சாங்களோ அந்த வேலை செய்யும். 14,500 ரூபாய் வேலை செய்யாது.

அதைவிடப் பெரிய கூத்து, அவன் சும்மா குடுத்த 120-ங்கற ரக ஃபிலிம் ரோல் உள்ள உக்காரவே மாட்டேங்குது. போன் பண்ணா, "ஸ்பூல் ஓரத்தை, அதான் ஃபிலிம் சுத்தியிருக்கிற உருளையோட ஓரத்தை, நகவெட்டியால கொஞ்சம் வெட்டிட்டுப் போடுங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான்"ங்கறான். நானும் உக்காந்து வெட்டினேன்! சனிக்கிழமை விடியக்காலை பாம்பன் ரோட்டுப் பாலத்துல போய் நின்னேன். கச்சான் காத்து ஆளைத் தள்ளுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பின்னாடி படத்தோட நம்பர் தெரியற சிவப்பு ஜன்னல்ல நாலு வரல. ஃபிலிம் சுத்தற திருகு இறுகிப் போச்சு. இன்னும் கொஞ்சம் திருகினேன், உள்ள ஏதோ கிழிஞ்ச சத்தம்.

ராம்நாட்ல கேணிக்கரைப் பக்கம் பழைய ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். ஃபிலிம் கழுவற மெஷினை அவர் என்னைக்கோ இரும்புக் கடைக்குப் போட்டாச்சு, ஆனா கையில வாங்கின உடனே சொன்னார்: "தம்பி, இது 620 போடற கேமரா." ஃபிலிம் அகலம் 120-ம் 620-ம் ஒண்ணேதான். ஸ்பூல்தான் வேற, 620-க்கு ஓரத்தட்டு சின்னது, நடுத்தண்டு மெலிசு. கோடாக் 1995-லயே 620-ஐ நிறுத்திட்டாங்களாம். அப்புறம் டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சுக் காட்டினார். உள்ள வேர் விட்ட மாதிரி பூஞ்சை. வீடியோ கால்ல அது எங்க தெரியும்? கிழிஞ்ச ரோலைச் சென்னைக்கு கூரியர் பண்ணிக் கழுவி வாங்கினேன், முழுக்கக் கருப்பு. ஒரு படம் இல்ல. அட்டைல தேதியைப் பார்த்தா அது காலாவதியாகி 9 வருஷம்.

திரும்ப அவனுக்கு அடிச்சேன். இப்ப தம்பி இல்ல, "சார்". "நான் 120-னு சொல்லவே இல்லையே சார், மீடியம் ஃபார்மேட்னுதானே சொன்னேன்." அதுவும் உண்மைதான், பாவி அளந்து பேசியிருக்கான். "விண்டேஜ் ஐட்டம் சார், நீங்க ஸ்பூலை வெட்டினதுல மெக்கானிசம் போயிருச்சு." வெட்டச் சொன்னதே நீதானய்யா! எழுத்துல சொல்லல, போன்ல சொன்னான். மறுநாள் என்னை பிளாக் பண்ணிட்டான்.

செயலிக்காரங்க அதுக்கு மேல. முதல்ல மெஷின் பதில்: "உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம்." ரெண்டாவது தடவை ஒரு பொண்ணு பேசுச்சு, பணம் எங்க வழியா வரலையே சார், நாங்க வெறும் விளம்பரம் போட இடம் குடுக்கறவங்கதானேன்னுச்சு. மூணாவது தடவை புகார் எண் குடுத்தாங்க. நாலாவது தடவை அந்த எண் முடிஞ்சு போச்சுன்னாங்க. என்ன முடிஞ்சுது? என் 14,500-ஆ?

அம்மாகிட்ட ஒரு வாரமா மறைச்சு நேத்துதான் சொன்னேன். "சந்தைல நண்டு வாங்கினாக்கூட வயித்தை அமுக்கிப் பார்த்துத்தானய்யா வாங்குவ?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் தூக்கம் போச்சு.

விவரமா எழுதறேன்னு சொன்னது இப்ப முடியாது. அவசரத்துக்கு இது மட்டும். முதல் கேமராவா 35 எம்எம் வாங்குங்க, கையில வாங்கிப் பார்த்து வாங்குங்க. பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வாயை (அபர்ச்சரை) முழுசா விரிச்சு, பூஞ்சை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு செகண்ட் வேகத்துல வச்சு அமுக்கினா ஷட்டர் ஒரு செகண்ட் திறந்து நிக்கணும், இழுத்துக்கிட்டே கிடந்தா வேண்டாம். மூடி ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்ச் தாரு மாதிரி பிசுபிசுத்தா வெளிச்சம் உள்ள போகும். மீடியம் ஃபார்மேட்னு யார் சொன்னாலும் 120-ஆ 620-ஆன்னு எழுத்துல கேளுங்க. நம்ம கடலோரத்துல எதை வாங்கினாலும் சிலிகா ஜெல் போட்டுக் காத்துப் புகாத டப்பாவுல வைங்க. செயலிக்கு வெளிய பணம் போடவே போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா அன்னைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க, என்னை மாதிரி ஒரு வாரம் கெஞ்சிக்கிட்டு இருக்காதீங்க. நான் நேத்துதான் அடிச்சேன். நுகர்வோர் உதவிக்கு 1915, அது இன்னைக்கு.

இன்னொண்ணு. ஸ்டுடியோ அண்ணன் திருகைச் சரி பண்ணிட்டார். இருட்டுல 120 ஃபிலிமை 620 ஸ்பூலுக்கு மாத்திச் சுத்தினா இந்தப் பெட்டி ஓடுமாம். அதுக்கு ரெண்டு ஸ்பூல் வேணும், என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது 620 காலி ஸ்பூல் கிடந்தா சொல்லுங்க. நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் காசு.