கல்லுக்கு ஒரு லீடர், பல்லுக்கு ஒரு லீடர்

நான் தூண்டில் போடுவது பெரும்பாலும் கோவளம், முட்டுக்காடு முகத்துவாரம், எப்போதாவது வடக்கே எண்ணூர்ப் பக்கம். எல்லாம் கரையில் நின்றுதான், படகு அபூர்வம். 4000 அளவு ரீல், பிஇ 2 தடிமனில் பிரெய்டு (பின்னல் நரம்பு), 20 முதல் 40 கிராம் வரை லூர் (செயற்கை இரை). பல வருடமாக ராடும் ரீலும் அப்படியே இருக்க, மாறிக்கொண்டே இருந்தது லீடர், அதாவது பிரெய்டின் நுனிக்கும் லூருக்கும் நடுவே கட்டும் நரம்புத் துண்டு, மட்டும்தான். விலை உயர்ந்த ஃப்ளூரோகார்பன், சாதா நைலான் நரம்பு, கம்பி என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாயிற்று.

ஃப்ளூரோவை விற்கும்போது முதலில் சொல்வது, "மீன் கண்ணுக்குத் தெரியாது" என்பதுதான். கணக்கு என்னவோ சரி. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோவுக்குச் சுமார் 1.42, நைலானுக்கு 1.53 பக்கம். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் ஃப்ளூரோ குறைவாகத் தெரியும். ஆனால் நம் முகத்துவாரத்தில் ஒரு முழம் ஆழத்தில் போகும் லூரே தெரியாத கலங்கலில், லீடர் தெரிகிறதா இல்லையா என்பதா பிரச்சினை? கலங்கல் தண்ணியிலும் ராத்திரியிலும் நைலானுக்கும் ஃப்ளூரோவுக்கும் கொத்துவதில் ஒரு வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. காற்று எழும்பாத கோடைக் காலையில், தண்ணி தெளிந்து கிடக்கும்போது கதை வேறு. சின்னப் பாரையும் கட்டாவும் லூர் பின்னாலேயே வந்து, கால் வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்போது 20 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோவுக்கு இறங்கினால் பலன் இருக்கிறது. அதிலும் பாதிப் புண்ணியம் மெலிந்த நரம்புக்குத்தான் என்பது என் சந்தேகம்.

அப்புறம் ஏன் காசு கொடுத்து ஃப்ளூரோ வாங்க வேண்டும்? கல்லுக்காக. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளும் சிப்பி ஒட்டிய பாலத் தூண்களும்தான் நம் கரையில் மீனை விட அதிகமாக நரம்பை அறுக்கின்றன. பிரெய்டு இழுவைக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் கல்லில் ஒரு உரசு உரசினால் போச்சு. நைலான் தண்ணியில் ஊறும். ஊறினால் இளகும், பலமும் கொஞ்சம் இறங்கும். ஃப்ளூரோ ஊறாது, மேல்தோலும் கெட்டி. தூண் ஓரம் செப்பிலி மாட்டினால் முதல் இரண்டு வினாடியில் அது ஓடுவது தூணுக்குள்தான். அங்கே 50 பவுண்டு ஃப்ளூரோவுக்குக் கீழே நான் கட்டுவதில்லை.

கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அறுக்கிற பல் கிடையாது. ஆனால் வாயின் உள்பக்கம் அரம் போல இருக்கும், செவுள் மூடியின் ஓரமோ நேராகக் கத்திதான். மீன் மேலே துள்ளித் தலையை உதறும்போது லீடர் அந்த ஓரத்தில் போய் உரசும். மீனைக் கரையேற்றிய பிறகு லூரில் லீடர் கட்டும் வளையத்திலிருந்து ஒரு சாண் நீளத்தைப் பாருங்கள்: பளபளப்பு போய், வெள்ளையாகச் சொரசொரத்துக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க, கட்டை விரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக இழுத்தால் போதும், நகம் சிக்கும். சிக்கிய இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்டுவேன். அதனால்தான் என் லீடர் எப்போதும் ராடு நீளத்தில் முக்கால்வாசி இருக்கும். வெட்ட வெட்டக் குறையும் அல்லவா.

பாப்பர் மாதிரி மேல்மட்ட லூருக்கு ஃப்ளூரோ வேண்டாம். நைலானை விட அடர்த்தி அதிகம், கிட்டத்தட்ட தண்ணீரைப் போல 1.78 மடங்கு, மூழ்கிக்கொண்டே போய் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். அங்கே நைலான்தான் சரி, விலையும் மலிவு. மணல் கரையில் ஈயம் கட்டி இரை போடுகிறவர்களுக்கும் நைலானே போதும். வீசும் வேகத்தைத் தாங்கத்தான் அங்கே லீடர்: 1 அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 4 அவுன்ஸ் ஈயம் என்றால் 40 பவுண்டு. இதைக் குறைத்தால், வீசும்போது அறுந்து பறக்கும் ஈயம் பக்கத்தில் நிற்பவர் மண்டையைப் பதம் பார்க்கும்.

பல் விஷயத்தில் பேரம் கிடையாது. சீலா, வஞ்சிரம், வாளை மூன்றும் வந்துவிட்டால் 80 பவுண்டு ஃப்ளூரோவும் கத்தரித்த மாதிரித்தான் திரும்பி வரும். ஒரு சாண் மெல்லிய கம்பி போட்டுவிடுவது மேல். கம்பி போட்டால் கொத்து குறையும், அது உண்மை. லூர் போகாமல் இருக்கிறதே. ஒற்றைக் கம்பி ஒருமுறை மடங்கி முறுக்கிக்கொண்டால் நீவி நேராக்கிப் பயன்படுத்தாதீர்கள், அடுத்த மீனுக்கு அந்த இடத்தில்தான் ஒடியும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் முடிச்சுக்கு எஃப்ஜி. ராடு வளையத்துக்குள் சத்தமில்லாமல் ஓடும். பாறை மேல் நின்று, காற்றில், உப்புக் கையோடு பிரெய்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைக் கட்டுவது தனி அவஸ்தை. அதனால் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவேன், அங்கே அறுந்தால், கட்ட எளிதான டபுள் யூனி முடிச்சு. தடித்த ஃப்ளூரோவில் முடிச்சை எச்சில் தொட்டு, மெல்ல இறுக்க வேண்டும். காய்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தால் சூட்டில் அங்கேயே பலம் போய்விடும்.

வாங்கும்போது பவுண்டை மட்டும் பார்க்காமல் விட்டத்தையும் பாருங்கள். 40 பவுண்டு என்றால் 0.6 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். ஒரு கடையில் எனக்கு ஃப்ளூரோ என்று கொடுத்த ஸ்பூலின் அடியில் பொடி எழுத்தில் "ஃப்ளூரோகார்பன் கோட்டட்" என்று இருந்தது. அதாவது உள்ளே நைலான், மேலே பூச்சு. கல்லில் பூச்சு எத்தனை நேரம் நிற்கும்?

நைலானை வெயில் கெடுக்கும். காரின் பின்கண்ணாடி ஓரம் கிடந்த ஸ்பூலை நம்ப வேண்டாம். ஃப்ளூரோ வெயிலுக்கு அசையாது. அதே காரணத்தால் வெட்டிப் போட்ட துண்டும் பாறை இடுக்கில் வருடக்கணக்கில் கிடந்து நண்டு, பறவைக் காலில் சுற்றும். பையில் ஒரு காலி டப்பா வைத்திருக்கிறேன், துண்டெல்லாம் அதற்குள் போய்விடும்.