ஆங்கிலப் பிழைதிருத்தி மென்பொருள்: சந்தா முடியும் நேரத்தில் ஒரு பயன்பாட்டு அனுபவம்

தென் கொரியாவில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், ஆங்கிலம் திருத்தும் மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதே நாட்டில், அதே சந்தாவை ஆய்வுக்காலம் முழுக்கக் கட்டி வந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஆய்வகத்தில் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வசதிகளின் பட்டியலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இடும் 'தி' (the) எங்கே வரும், எங்கே வராது என்பதில் இந்த மென்பொருளை மிஞ்ச ஆளில்லை. 'தி லாங்மியூர் மாடல்' (எங்கள் துறையில் பயன்படும் ஒரு கணித மாதிரி) என்று எழுத வேண்டும், 'லாங்மியூர்ஸ் மாடல்' என்று எழுதினால் முன்னால் 'தி' கூடாது என்பதுபோன்ற நுணுக்கங்களை நள்ளிரவிலும் அலுக்காமல் சுட்டிக்காட்டும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வெப்பநிலை, பி.எச்., தொடுநேரம் என்று இரண்டு வரி புகுந்துவிட்டாலும் ஒருமை பன்மைப் பிசகை விடாமல் பிடித்துவிடும். இதைச் சிறிய உதவி என்று ஒதுக்க முடியாது. எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் பிளாஸ் பயாலஜி இதழில் வெளியானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் கட்டுரைகள் மொழிநடையைக் காரணம் காட்டித் திருப்பப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்றும், ஆங்கிலத்தைச் சீர்செய்யுமாறு கேட்கப்படுவது சுமார் 12.5 மடங்கு அதிகம் என்றும் அதில் தெரியவந்தது. அப்படிப்பட்ட இடத்தில் 'தி'யைச் சரியாக வைத்துத் தரும் ஒரு துணைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தமெல்லாம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்களில் வந்துவிட்டால் இந்த மென்பொருளுக்குப் பொறுக்காது. உடனே அடிக்கோடு இட்டு, வேறு சொல்லை நீட்டும். கதை எழுதுபவருக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். எங்கள் வேலையோ சாயக் கழிவுநீரிலிருந்து மெத்திலீன் நீலத்தைத் தேங்காய் ஓட்டுக் கரியால் பிரித்தெடுப்பது. அதில் 'கெப்பாசிட்டி', அதாவது கொள்திறன், என்பது ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் சாயத்தைத் தன் பரப்பில் பிடித்துவைக்கிறது என்ற அளவு; 'எஃபிஷியன்சி', அதாவது நீக்கம், என்பது நீரில் இருந்த சாயத்தில் எத்தனை விழுக்காடு நீங்கியது என்ற அளவு. மென்பொருளின் கணக்கில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று.

எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நீரில் 5 மில்லிகிராம் சாயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 மில்லிகிராம் கரி போட்டு 3 மில்லிகிராம் சாயம் நீங்கினால், நீக்கம் 60 விழுக்காடு. கொள்திறன் கிராமுக்கு 60 மில்லிகிராம். கரியை இரட்டிப்பாக்கி 4.5 மில்லிகிராம் சாயம் நீங்கினால், நீக்கம் 90 விழுக்காட்டுக்கு ஏறும். கொள்திறனோ கிராமுக்கு 45 மில்லிகிராமாக இறங்கும். அதாவது ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. அந்த இரண்டில்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கச் சொல்கிறது மென்பொருள். சொன்னபடி கேட்டால், மேலே நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் மதிப்பெண் கூடவும் செய்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது, அதாவது தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இப்படியொரு முடிவு வருவது அரிது என்பதைச் சொல்ல எழுதிய சொல்லை, வெறுமனே 'கணிசமான' என்று பொருள்படும் 'கன்சிடரபிள்' என்று மாற்றச் சொல்லும். சோதனை செய்ததற்கான அடையாளமே அந்த வாக்கியத்தில் மிஞ்சாது. எங்கள் கூட்டுக் கட்டுரை ஒன்றில் வியட்நாமிலிருந்து வந்த சக ஆய்வாளர் அவசரத்தில் எல்லாத் திருத்தங்களையும் ஒரே அழுத்தில் ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டார். இதழின் மதிப்பீட்டாளர் ஆங்கிலத்தைப் பாராட்டிவிட்டு, அட்டவணையில் இருப்பது எந்த அளவு, உரையில் பேசப்படுவது எந்த அளவு என்று கேட்டிருந்தார். அவருடைய கேள்வியில் தவறே இல்லை.

அமைப்புகளில் கல்விசார் எழுத்து என்ற தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைத் தேர்ந்த பிறகும் அடிக்கோடு வரத்தான் செய்கிறது. தனி அகராதியில் கலைச்சொற்களைச் சேர்த்தால் எழுத்துப்பிழை என்று சொல்வது மட்டும் நிற்கும், மாற்றுச்சொல் நீட்டுவது நிற்காது. கடைசியில் நான் கண்ட வழி, செய்முறைப் பகுதியிலேயே கொள்திறனுக்கும் நீக்கத்துக்கும் குறியீடுகளை வரையறுத்துவிட்டு, அதன்பின் சொற்களைத் தொடாமல் குறியீடுகளை மட்டுமே எழுதுவது. குறியீட்டில் மென்பொருள் கைவைக்காது. ஆனால் கட்டுரை முழுக்கக் குறியீடாகி, இது முடிவுரையா சமன்பாடா என்று நெறியாளர் சலித்துக்கொண்டார். ஒரு மென்பொருளிடமிருந்து தப்பிக்க வாசகரைப் படுத்துவது நியாயமில்லை என்று அவர் சொன்னதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃபிரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம் என்று பகுதிவாரியாக வாக்கியச் சட்டங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குச் சந்தா தேவையில்லை.

தம்பி, பாதி விலை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கட்டுரைகளுக்காவது 'தி' விஷயத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். எல்லாவற்றையும் ஏற்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை, அட்டையின் காலாவதி தேதி மாறிவிட்டது, புதிய விவரங்களைக் கொடுத்தால்தான் சந்தா தொடரும் என்று போன வாரம் மின்னஞ்சல் வந்தது. நான் கொடுக்கவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.