மலை மேல் ஒரு பயர்வால், நான்கு வருஷம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மாப்ள, உங்க சித்தப்பா லாட்ஜுல ஒரு பொட்டி வெச்சிருக்கியே, அதையே எனக்கும் போட்டுரலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் ஏற்காட்டில் அந்தப் பொட்டிக்கு முன்னால் ஒரு முழுப் பகலைத் தொலைத்துவிட்டு இறங்கியிருந்தேன். கோபம் ஆறட்டும், எழுதியே அனுப்புகிறேன் என்றேன். ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மென்பொருளின் பேரைச் சொல்லப்போவதில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்கிற இலவச இயங்குதளத்தின் மேல் ஓடுகிற திறந்த மூல பயர்வால், அதாவது வெளி நெட்டுக்கும் உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் நடுவில் நிற்கிற காவல்காரன். விசிறி இல்லாத ஒரு சின்னக் கணினியில் போட்டிருக்கிறேன். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று உள்ளே பார்ப்பது பிஎஃப், 2001இல் ஓபன்பிஎஸ்டி என்கிற இன்னொரு இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. நான் பட்ட பாடு இந்தக் குடும்பத்துப் பயர்வால் எதை வைத்திருப்பவருக்கும் வரக்கூடியது, அதனால் பேர் தேவையும் இல்லை.

சித்தப்பாவின் லாட்ஜில் ஏழு அறைகள். சுற்றிலும் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. வாரக் கடைசியில் வருகிறவர்கள் சாவியை வாங்குவதற்கு முன்னாலேயே வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். அவர்கள் போன் இருக்கும் நெட்வொர்க்கும், பில் போடும் கணினியும் கேமராவும் இருக்கும் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்கக்கூடாது என்றுதான் நான்கு வருஷத்துக்கு முன் இதைப் போட்டேன். ஃபைபர் ஒன்று, அது அறுந்தால் 4ஜி டாங்கிள் ஒன்று.

நியாயமாகப் பார்த்தால் குறை சொல்ல வாயே வரக்கூடாது. ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்து மூன்று நாள் கிடந்தது. விருந்தினர் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. பொட்டி தானாக டாங்கிளுக்கு மாறியதைச் சித்தப்பாவே ரீசார்ஜ் தீர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டார். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொங்கி நின்றதில்லை. எல்லா அமைப்பும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கிவிடும். அதை ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால், பொட்டியே எரிந்துபோனாலும் வேறொன்றில் ஏற்றி அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதினவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

அப்புறம் என்ன கோபம் என்றால், அப்டேட்.

சின்ன அப்டேட்டுகளைச் சொல்லவில்லை. அவை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அடியில் இருக்கும் இயங்குதளத்தையே மாற்றுகிற பெரிய அப்டேட்தான் பிரச்சினை. போன புதன் இரவு அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் நுழையும் பூட்டிய பாதை) வழியாக அதைத் தட்டிவிட்டேன். கோடை விழாக் கூட்டம் முடிந்து அறைகள் காலியாக இருந்ததால் தைரியம். இந்த அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் இயங்குதளத்தின் கருவான கெர்னலும் அடிப்படை அமைப்பும் மாறும், ரீபூட் ஆகும், அதற்குப் பிறகு மீதி பேக்கேஜ்களை, அதாவது மேலே ஓடும் மென்பொருள்களை, இறக்கிப் போடும். அந்த ரீபூட்டுக்கும் மீதிக்கும் நடுவில் மலையில் காற்றடித்துக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கியிருக்கும். கரண்ட் வந்தது விடியற்காலையில்.

காலையில் விபிஎன் பிடிக்கவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"நெட்டு வருதுங்களா சித்தப்பா?"

"ஜம்முனு வருது கண்ணு. ஏன், என்ன கோளாறு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. பயர்வால் வேலை செய்தது. விதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. நெட் வந்தது. பூட்டு சரியாகத்தான் இருந்தது, பூட்டுக்காரனைத்தான் உள்ளே விட மறுத்தது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அடிவாரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.

லாட்ஜுக்குள் இருந்து பொட்டியின் பக்கத்தைத் திறந்தால் முதல் பார்வையில் எல்லாம் மங்களகரம். மேலே பதிப்பு எண் புதிது. அதற்குக் கீழே ஒரு வரி: புதுப்பிப்பைச் சரிபார்க்க இயலவில்லை. பேக்கேஜ் பக்கத்துக்குப் போனால் பட்டியல் காலி. அவ்வளவுதான். ஏன் இயலவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

நான்கு வருஷமாக என் எரிச்சல் இந்த ஒரு வரி மேல்தான். சர்வர் பேரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பொட்டிக்குக் கிடைக்காவிட்டாலும் இதே வரி. கடிகாரம் தப்பாக இருந்தாலும் இதே வரி. ஐபிவி6 என்ற புது முகவரி முறை இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வழியில் போய் முட்டிக்கொண்டு நின்றாலும், டிஸ்க் நிறைந்துவிட்டாலும், பேக்கேஜ்களை எந்தப் பதிப்பிலிருந்து இறக்குவது என்று சொல்லும் கிளை தப்பானதைக் காட்டினாலும், பேக்கேஜ் மேலாளரே செத்துக் கிடந்தாலும் இதே வரி. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் "உடம்பு சரியில்லை" என்று ஒரே சீட்டு எழுதித் தருகிற டாக்டர் மாதிரி.

மூன்றாம் நம்பர் அறையின் டிவியைக் கழற்றி வந்து பொட்டியில் மாட்டினேன். கீபோர்டு ஒன்று. கன்சோல் மெனுவில் கட்டளை அடிக்கும் ஷெல்லைத் திறந்து பிகேஜி (அதுதான் பேக்கேஜ் மேலாளர்) என்று அடித்தேன். எல்ஐபிஎஸ்எஸ்எல்.எஸ்ஓ.111 என்ற நூலகக் கோப்பைக் காணவில்லை, அது இல்லாமல் பிகேஜி ஓடாது என்றது. கடைசியில் உருப்படியாக ஒரு செய்தி!

கொலுசுக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய புரி போட்ட திருகாணி புது அளவில் அடித்த கொலுசில் ஏறாது. பழைய அமைப்பில் இருந்த குறியாக்க மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1, அதற்கான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது. புதிதில் இருப்பது 3.0, அதன் நூலகத்துக்கு எண் 30. அடிப்படை அமைப்பு மாறிவிட்டது, பிகேஜி மட்டும் பழையது. அது 111 என்ற பேரைத் தேடித் தேடிக் கையை விரிக்கிறது. புது பிகேஜியை இறக்க வேண்டுமானால் பிகேஜி ஓட வேண்டும். அது ஓட வேண்டுமானால் புது பிகேஜி வேண்டும்.

இதற்கு மருந்து அதே பொட்டிக்குள்ளேயே இருக்கிறது: பிகேஜி-ஸ்டேடிக். கட்டுச்சோறோடு கிளம்பிய ஆள் அது. தனக்கு வேண்டிய நூலகம் எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும், வழியில் ஓட்டல் மூடியிருந்தாலும் கவலையில்லை. பிகேஜி அப்டேட் என்பதற்குப் பதில் பிகேஜி-ஸ்டேடிக் அப்டேட் -எஃப் என்று அடித்தேன். ஓடியது. ஓடி, சர்வர் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

இங்கேதான் மத்தியானம் முழுவதும் போனது. நெட் வருகிறது. என் போனில் எல்லாம் திறக்கிறது. பொட்டிக்கு மட்டும் ஒரு பேரும் தெரியவில்லை. ஃபைபரைப் பிடுங்கி டாங்கிளில் போட்டுப் பார்த்தேன். ஐபிவி4க்கு முன்னுரிமை என்ற பெட்டியில் டிக் அடித்துப் பார்த்தேன். கிளை சரியா என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சித்தி சாப்பிடக் கூப்பிட்டதற்கு "இதோ" என்றேன். மூன்று தடவை சொல்லியிருப்பேன். லாக்கைப் படிக்கலாம் என்று திறந்தபோதுதான் ஓரத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது. 2019 ஜனவரி 1.

உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கிறது. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாததால் கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று ஏறின கதை. பொட்டியின் சொந்த டிஎன்எஸ்ஸில் விடை நிஜமானதா என்று கையெழுத்து பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பைப் போட்டு வைத்திருந்தேன். டிஎன்எஸ் கையெழுத்துகளுக்குத் தேதி உண்டு. 2019இல் உட்கார்ந்து பார்த்தால் இன்றைய கையெழுத்து எதிர்காலத்தில் போட்டது, செல்லாது. அதனால் எந்தப் பேருக்கும் விடை இல்லை. நேரத்தைத் திருத்தும் என்டிபி சர்வருக்கும் பேர்தான் முகவரி, அதற்கும் விடை இல்லை. நேரம் சரியானால் பேர் கிடைக்கும், பேர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். விபிஎன் ஏன் விடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் சான்றிதழ் 2021இல் போட்டது, பொட்டியின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை.

பொட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏன் நெட் வந்தது? எப்போதோ அவசரத்தில், சேரும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியில் எல்லோருக்கும் வெளி டிஎன்எஸ்ஸையே நேராகக் கொடுத்துவிட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான். அன்றைக்கு லாட்ஜைக் காப்பாற்றியதும் அதுதான், என்னைக் குழப்பியதும் அதுதான்.

தேதியைக் கையால் அடித்துச் சரி செய்தேன். டிஎன்எஸ்ஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதும் பேர்கள் வந்தன. பிகேஜி-ஸ்டேடிக் வைத்து முதலில் பிகேஜியையே வலுக்கட்டாயமாக மறுபடி நிறுவி, பட்டியலைப் புதுப்பித்து, மீதி எல்லாவற்றையும் அப்கிரேட் -எஃப் என்று ஒரே மூச்சில் விட்டேன். பத்து நிமிஷம். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் பேட்டரி வாங்கி வந்து மாட்டும்போது மணி நாலரை. சித்தி ஆறிப்போன சோற்றை எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: பழைய நிலையைப் பத்திரப்படுத்தி வைக்கக்கூடிய இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் நிறுவியிருந்தால் அப்டேட்டுக்கு முன் இருந்த நிலைக்குப் பூட் மெனுவிலிருந்தே திரும்பியிருக்கலாமே? திரும்பியிருக்கலாம். நான் பழைய யுஎஃப்எஸ் கோப்பு முறையில் போட்டது நான்கு வருஷத்துக்கு முன், அப்போது விவரம் பத்தாது. பேட்டரி தீர்ந்ததும் மென்பொருளின் குற்றமில்லை. இரவில் மலைக் கரண்டை நம்பிப் பெரிய அப்டேட் போட்டது முழுக்க என் குற்றம். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பதில் "கடிகாரம் 2019இல் நிற்கிறது, பார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தேதி அதற்கே தெரிந்திருக்கிறது, லாக்கில் ஒவ்வொரு வரியிலும் எழுதி வைத்திருக்கிறது!

நண்பனுக்கு என்ன சொல்வது? சேலத்தில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல பொட்டியை நான் பார்க்கவில்லை. நான் மாற்றப்போவதுமில்லை. ஆனால் மாப்ள, நீ வாங்காதே. உன் பட்டறைக்கு இப்போது இருக்கும் ரவுட்டரே போதும். இதை வாங்கினால் வருஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவாய், நானும் வந்து உன் வீட்டு டிவியைக் கழற்றுவேன். அடுத்த மாசம் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இது இந்த வாரத்துப் பதில்.

இறங்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் புதிய பதிப்பில் இருக்கிறீர்கள் என்று பச்சையில் காட்டியது. நம்பாமல் ஷெல்லைத் திறந்து தேதியை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டிவியைக் கழற்றினேன்.