சிக்னல் இல்லாத ஊரில் மூடில் செயலி

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததில் இருந்து டவுனுக்குப் போய்வருவது லேசாகிவிட்டது, ஆனால் சிக்னல் அப்படி இல்லை. முற்றத்தில் ஒரு மூலையில் இரண்டு கோடு காட்டும், அறைக்குள் வந்தால் ஒன்றும் இருக்காது, மாரியில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு கோடும் போய்விடும். இப்படியான இடங்களில் இருந்து கம்பஸ் படிப்பைக் கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூடில் செயலி நமக்கு மிகவும் உதவக்கூடியது, ஆனால் அந்த உதவியில் பாதி விரிவுரையாளர்களின் கையில் இருக்கிறது.

மூடில் என்பது அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பு வெளிவந்த, பாடக்குறிப்பு, ஒப்படை, குவிஸ் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் இலவச மென்பொருள். உரிமத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை, அதனால் பல பல்கலைக்கழகங்களில் எல்எம்எஸ் (கற்றல் முகாமைத்துவத் தளம்) என்று சொல்வது இதைத்தான். 2020 கொரோனா முடக்கத்தில், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த சூம் வகுப்புகளுக்கும் எல்எம்எஸ் தளங்களுக்கும் டேட்டா வெட்டாமல் விட்டார்கள், அப்போதுதான் நிறையப் பேர் இதற்குப் பழகினார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, நேரலை வகுப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது, நெட் இல்லாமலும் அது வேலை செய்வதுதான். பாடத்தைத் திறந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு சின்ன முகில் படம் இருக்கும். வளாகத்து வைஃபையில் நிற்கும்போதே அதைத் தட்டிவிட்டால் குறிப்புகள், ஸ்லைட், இணைத்த பைல்கள் எல்லாம் போனுக்குள் வந்துவிடும், பிறகு வீட்டில் விமான நிலையில் போட்டுவிட்டுக்கூடப் படிக்கலாம். ஒப்படையையும் அப்படியே செய்யலாம். கையால் எழுதியதைப் படம் எடுத்து பிடிஎப் ஆக்கி இணைத்துவிட்டால், நெட் இல்லாத நேரத்தில் செயலி அதைத் தன்னிடமே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்.

இங்கே ஒரு இடத்தில் மிகவும் கவனம் தேவை. செயலியின் ஒத்திசைவு (sync) அமைப்புக்குள் வைஃபையில் மட்டும் அனுப்பு என்று ஒரு தெரிவு இருக்கிறது, அது போட்டிருந்தால் போனில் டேட்டா இருந்தாலும் ஒப்படை தானாகப் போகாது. வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் அதை எடுத்துவிடுங்கள், அல்லது சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒப்படைப் பக்கத்தைத் திறந்து கையாலேயே ஒத்திசையுங்கள். ஏனென்றால் நீங்கள் இரவு எட்டு மணிக்கே முடித்து வைத்தாலும் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கில் வரும்.

விரிவுரையாளர் கையில் என்று சொன்னேன் அல்லவா, அது இதில் இருந்துதான் தொடங்குகிறது. மூடிலில் ஒப்படைக்கு இரண்டு திகதி வைக்கலாம். ஒன்று கொடுக்க வேண்டிய திகதி, அதைத் தாண்டினால் பிந்தியது என்று குறித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். மற்றது கதவை மூடும் திகதி, அதற்குப் பிறகு ஏற்காது. இரண்டையும் ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டால் டவர் போன பிள்ளைக்கு வழியே இல்லை. இடையில் ஒரு நாள் விட்டால் யார் பிந்தினார்கள் என்பதும் தெரியும், காரணத்தைக் கேட்டு முடிவெடுக்கவும் முடியும். குவிசும் அப்படித்தான், நெட் இல்லாமல் செயலியில் செய்ய ஒரு அனுமதி இருக்கிறது, அதை விரிவுரையாளர்தான் போட வேண்டும், நேர வரையறை வைத்த குவிசுக்கு அது வராது. பரீட்சைக்கு நேர வரையறை தேவைதான், ஆனால் வாராந்தப் பயிற்சிக் குவிசுக்கும் அது எதற்கு?

வீடியோ பற்றியும் சொல்ல வேண்டும். விரிவுரையின் ஒலியை மட்டும் வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு மணித்தியாலம் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். அதையும் ஸ்லைடையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும், வீடியோ வேண்டியவர்கள் தனியாக எடுத்துக்கொள்ளட்டும். ரீலோட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்மொழி மூலம் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த வேர்ட் பைலை அப்படியே ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்தாகத் தெரியும், தமிழ் என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். பிடிஎப் ஆக்கி எழுத்துருவையும் உள்ளே சேர்த்துவிட்டால் வாசிக்கலாம், ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. பழைய குறிப்புகளை, எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு எழுத்துக்கு மாற்ற இலவச மாற்றிகள் நெட்டில் இருக்கின்றன. ஒருதடவை மாற்றி வைத்தால் பிறகு வரும் பிள்ளைகள் எல்லாரும் தேடித் தேடிப் படிக்கலாம், தயவுசெய்து செய்யுங்கள்.

செயலிக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கணினியில் திறக்கும் எல்லாமே போனில் அதே மாதிரி வராது, சில பக்கங்கள் பிரவுசருக்குத்தான் அனுப்பும், அதனால் ஒன்று குறைத்தேன். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் முதல் கிழமையிலேயே செயலியைப் போட்டு, ஒத்திசைவு அமைப்பைச் சரிபார்த்துவிட்டு, கம்பஸில் இருந்து வெளிக்கிடும் முன் அந்த முகில் படத்தை ஒருதடவை தட்டுங்கள். நெட் இல்லாத குவிஸ் அனுமதியை உங்கள் விரிவுரையாளரிடம் வகுப்பாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.