‘இன்றைக்கே டோக்கன் போடுங்கள்’: சென்னைப் புறநகரில் பட்ஜெட் ஃபிளாட் தேடுபவர்களுக்கு எச்சரிக்கை

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் 45 லட்சத்துக்குள் இரண்டு படுக்கையறை ஃபிளாட் தேடுபவர்கள் முதலில் பணத்தை இழப்பது பத்திரப்பதிவிலோ வங்கியிலோ அல்ல, டோக்கனில்தான், அதாவது வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் முன்பணத்தில்தான். நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து சைட்டுக்கு அழைத்துப்போவார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் பாதிக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். “தேர்டு ஃப்ளோர்ல இது ஒண்ணுதான் சார் இருக்கு, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க” என்பார்கள். 50,000 அல்லது ஒரு லட்சத்தை அங்கேயே போனில் அனுப்பவைப்பார்கள். கையில் கிடைப்பது ‘விருப்பத் தெரிவிப்புத் தொகை’ என்று அச்சிட்ட ஒற்றைத் தாள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்த எண் வீடு இருக்காது, அல்லது சதுர அடிக்கு 300 ரூபாய் ஏறியிருக்கும், அல்லது அனுமதி இன்னும் வந்திருக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘கேன்சலேஷன் சார்ஜ்’ என்று கணிசமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த சிவப்பு ஸ்டிக்கர்களை நம்பாதீர்கள். எத்தனை வீடு உண்மையில் விற்றது என்பதற்கு அது சான்றே இல்லை. அவசரம் காட்டுவதற்கு ஒரே காரணம்தான்: சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு வந்து சேரும் முன் உங்கள் பணம் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ வரும் எந்தத் திட்டத்தையும் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. முன்பதிவுப் பணம் வாங்குவது அதற்குப் பிறகுதான். ஆகவே ‘ப்ரீ லாஞ்ச் ஆஃபர்’ என்று யார் பணம் கேட்டாலும், அந்தத் திட்டம் இன்னும் பதிவாகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புரோக்கரும் விதிவிலக்கல்ல, அவரும் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவாகாத திட்டத்தை அவர் விற்கக் கூடாது. ‘சி.எம்.டி.ஏ. அப்ளைடு’, ‘டி.டி.சி.பி. அப்ளைடு’ என்ற சொற்களுக்கு, அனுமதி தரும் அந்த அரசு அமைப்புகளிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் பொருள் இல்லை.

பதிவு எண் கொடுத்தாலும் அதோடு நிற்காதீர்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, சர்வே எண், பிளாக்குகளின் எண்ணிக்கை, திட்டம் முடியும் தேதி மூன்றையும் உங்களிடம் கொடுத்த தாளோடு ஒப்பிட வேண்டும். முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணை இரண்டாம் கட்டத்தின் நோட்டீசில் அச்சடிப்பது பழைய தந்திரம். விற்பனையாளர் ‘அடுத்த தீபாவளிக்கு சாவி’ என்று சொல்ல, ரெராவில் கொடுத்த தேதி இரண்டு வருடம் தள்ளி இருக்கும். தாமதத்துக்கு வட்டி கேட்கும்போது எழுத்தில் உள்ள தேதிதான் பேசும். வாயால் சொன்னது நிற்காது.

டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரசீதில் இவை இருக்க வேண்டும்: வீட்டு எண், மாடி, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் உண்மையில் பயன்படும் பரப்பு), மொத்த விலை, அந்த விலை எந்தத் தேதி வரை மாறாது, ரெரா எண். அதற்குக் கீழே ஒரு வரி: ‘வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, ஆவணங்களில் வில்லங்கம் தெரிந்தாலோ 15 நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.’ இந்த ஒரு வரியை எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிடுங்கள். நீங்களாக விலகினால் முன்பதிவுத் தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து விற்பனை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும்; இந்த வரி இல்லாவிட்டால், வங்கி கடன் தராததும் ‘நீங்கள் விலகியது’ ஆகிவிடும். பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும், மேனேஜரின் போன் எண்ணுக்கு அல்ல. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வீட்டுக்கான முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது. ‘முதலில் 20 சதவீதம் கட்டுங்கள், அக்ரிமென்ட் பிறகு’ என்பது நேரடிச் சட்டமீறல்.

அடுத்தது விலை. 900 சதுர அடி, 42 லட்சம் என்றால் சதுர அடி 4,667 ரூபாய் போலத் தெரியும். அது சூப்பர் பில்டப். படிக்கட்டு, லிஃப்ட், லாபி எல்லாம் அதில் அடக்கம். கார்பெட் ஏரியா 620 என்றால் உண்மையான விலை 6,774. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவால் மட்டும் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது.

ஜி.எஸ்.டி.யில் நடப்பது இன்னும் மோசம். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு, மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும் சென்னை போன்ற பெருநகரத்தில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் (சுமார் 646 சதுர அடி) இருந்தால் 1 சதவீத வரி. இதில் ஒன்று தாண்டினாலும் 5 சதவீதம். இந்த 45 லட்சத்தில் கார் பார்க்கிங், மாடிக்கான கூடுதல் தொகை, பொது வசதிக் கட்டணம் எல்லாம் சேரும். 42 லட்சம் என்று விளம்பரம் செய்து, பிறகு பார்க்கிங் 3 லட்சம், வசதிக் கட்டணம் ஒன்றரை லட்சம் சேர்த்தால் 46.5 லட்சம். வரி மட்டும் 2,32,500 ரூபாய். 45 லட்சத்தில் நிறுத்தியிருந்தால் 45,000. எனவே முதல் நாளிலேயே எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ‘காஸ்ட் ஷீட்’டைக் கையெழுத்தோடு வாங்குங்கள். திறந்தவெளி பார்க்கிங் பொது இடம். அதைத் தனியாக விற்க முடியாது. பணி நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கும் புது வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, அதற்கும் வரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

‘பேங்க் அப்ரூவ்டு’ என்ற பலகையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஏதோ ஒரு வங்கி ஏதோ ஒரு பிளாக்குக்குக் கடன் கொடுத்திருக்கலாம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு, அதுவும் வங்கி போடும் மதிப்பில். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதில் சேராது. 42 லட்சத்துக்கு வாங்கும் வீட்டை வங்கி 38 என்று மதிப்பிட்டால் கடன் 30.4 லட்சம். மீதி 11.6 லட்சமும் பதிவுச் செலவும் உங்கள் கையிலிருந்து. டோக்கனுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் நிலப்பங்கு, அதாவது யு.டி.எஸ்., குறைத்து எழுதப்படுவது உடனே தெரியாது. இடித்துக் கட்டும் நாளில்தான் தெரியும். கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி நிலத்தில் விற்பனைப் பரப்பு மொத்தம் 4,800 என்றால், 600 சதுர அடி வீட்டுக்கு 300 சதுர அடி வர வேண்டும். 200 என்று எழுதியிருந்தால் மீதி எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நில உரிமையாளர் கொடுத்த பவர் (விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து பில்டர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாக அவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்காவது போடுங்கள், ஆனால் அதில் நீதிமன்ற வழக்கும் பதிவாகாத ஒப்பந்தமும் தெரியாது. அதனால் வங்கியின் வக்கீலை மட்டும் நம்பாமல் தனி வக்கீலிடம் மூலப் பத்திரத்திலிருந்து கருத்து வாங்குவது அவசியம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் போனில் சண்டை போட்டு நாளைக் கடத்த வேண்டாம். விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன விவரம் எல்லாவற்றையும் இன்றே சேமியுங்கள். தொகை, தேதி, வீட்டு எண் குறிப்பிட்டு, ஒப்புதல் அட்டையுடன் அஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பிக் கொடுத்த பணத்தை வட்டியோடு கேட்க ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவும், சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் விலகி வட்டியோடு கேட்க 18ஆம் பிரிவும் இடம் தருகின்றன. பதிவே செய்யாத திட்டம் என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம் என்பதால், அந்த வரி இருக்கும் கடிதத்தை அவர்கள் அலட்சியப்படுத்துவது கடினம். ‘செட்டில்மென்ட்’ என்று பாதித் தொகைக்குக் காசோலை நீட்டி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.